ஹாலில் இருக்கும் டிவிக்குச் சம்மதம் கொடுத்தது யார்?

கேள்வி: எங்களுக்கு அன்னூர் பக்கம் கிராமமுங்க. பெங்களூரில் வேலை செய்யும் பையன் தீபாவளிக்கு 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி வாங்கி அனுப்பினான். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ரிமோட்டை வாய்க்கிட்ட வெச்சு “மருதமலை முருகன் பாட்டு”ன்னு சொன்னா போதும், பாட்டு வந்துடுது. பொழுது அவங்களுக்கு நல்லாப் போகுது. இப்ப பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம். ஹாலில் உட்கார்ந்து பேசின மறுநாளே போனில் கல்யாண மண்டபம், பட்டுப்புடவைன்னு விளம்பரமா வருது. நாங்க பேசறதை டிவி ஒட்டுக் கேக்குதுங்களா? வீட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கி வெச்சுடலாம்ங்கறார். என்ன பண்றதுங்க?
— வாசகி, அன்னூர்

பதில்: ஒயரைப் பிடுங்க வேண்டாம் அம்மா. இத்தனை வருஷமாக யாராவது சேனல் மாற்றித் தருவார்களா என்று காத்திருந்தவர், இன்று தனக்கு வேண்டியதைத் தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறார். உங்கள் மாமியாருக்குக் கிடைத்திருக்கும் அந்த வசதி பெரியது. அதைக் கெடுக்காமலே உங்கள் பயத்தைத் தீர்க்க வழி இருக்கிறது.

முதலில் ஒட்டுக் கேட்பது. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் மைக் ரிமோட்டில்தான் இருக்கிறது. அதற்கான பொத்தானை அழுத்தினால்தான் வேலை செய்யும். விலை கூடிய சில மாடல்களில் டிவியிலேயே மைக் உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட டிவியாக இருந்தால் மைக்கை அணைக்கும் சுவிட்சைத் தேடி அணைத்துவிடுங்கள். 2015-ல் சாம்சங் தன் பிரைவசி அறிக்கையில், குரல் வசதி இயங்கும்போது பேசும் பேச்சில் சொந்த விஷயங்கள் இருந்தால் அவையும் பதிவாகி வேறொரு நிறுவனத்துக்குப் போகலாம் என்று எழுதியிருந்தது. உலகம் முழுக்க அது பெரிய பேச்சானது. டிவி காது கொடுத்துக் கேட்கிறது என்ற பயம் அன்றிலிருந்து மக்கள் மனதில் தங்கிவிட்டது.

கல்யாண மண்டப விளம்பரம் வந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம். வரன் பார்க்கிற வீட்டில் யாராவது ஒருவர் போனில் மண்டபம் தேடியிருப்பார், இல்லை மேட்ரிமோனி ஆப்பைத் திறந்திருப்பார். ஒரே வைஃபையில் இருக்கும் எல்லாப் போனும் டிவியும் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே இணைய முகவரியோடுதான் தெரியும். ஒருவர் தேடியதை வைத்து வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் விளம்பரம் காட்ட நிறுவனங்களுக்கு அது போதும். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கை இயக்கிப் பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆனால் பயனாளிக்குத் தெரியாமல் திரையைப் படம் பிடித்து அனுப்பிய ஆப்கள் சிக்கின.

டிவியிலும் கவலைப்பட வேண்டிய இடம் திரைதான். ஏசிஆர் என்று ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. விரித்தால் ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன். திரையில் ஓடும் காட்சியிலிருந்தோ ஒலியிலிருந்தோ டிவி நொடிக்குப் பல முறை சின்னச் சின்ன மாதிரிகளை எடுத்து, அவற்றைச் சுருக்கிக் குறிகளாக்கி கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அங்கே இருக்கும் நூலகத்தோடு குறி பொருந்தினால், இந்த வீட்டில் இந்த நேரத்தில் இந்த சீரியல், இந்தச் செய்தி, இந்த விளம்பரம் என்று பதிவாகிவிடும். கேபிள் வழியாக வந்தாலும் சரி, செட்டாப் பாக்ஸில் வந்தாலும் சரி, திரையில் வந்தால் போதும்.

இதில் பிடிபட்ட பெரிய கதை அமெரிக்க டிவி கம்பெனியான விஜியோவினுடையது. 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து, வாங்கியவர்களின் சம்மதம் இல்லாமல், அவர்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி சேகரித்து விற்றதாக அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி விஜியோ சமரசம் செய்துகொண்டது. அதோடு அந்த வியாபாரம் நின்றதா என்றால் இல்லை. 2021-ன் மூன்றாம் காலாண்டில், டிவி விற்றதில் கிடைத்த மொத்த லாபத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் விளம்பரம், தரவு சார்ந்த பிரிவில் விஜியோ சம்பாதித்தது. டிவி வருஷா வருஷம் விலை குறைந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் டெக்ஸஸ் மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து கம்பெனிகள் மீதும் இதே ஏசிஆர் விஷயமாக வழக்குத் தொடுத்தார்.

நம் ஊருக்கு வருவோம். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்த பெட்டி, நாம் என்ன பார்க்கிறோம் என்று யாரிடமும் சொல்லாது. கேபிள் ஒயர் வழியாகப் படம் உள்ளே வரும், அவ்வளவுதான். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளப்பதற்கு பார்க் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த வீடுகளில், அந்த வீட்டாரின் ஒப்புதலோடு மீட்டர் பொருத்துகிறார்கள். யார் டிவி முன் உட்கார்கிறாரோ அவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். அளக்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

ஸ்மார்ட் டிவியில் அந்தச் சம்மதம் எப்படிப் போகிறது என்பதை நம் வீடுகளில் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சாயந்திரம் இன்ஸ்டலேஷன் பையன் வருவார். இன்னும் நாலு வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம் அவருக்கு. சுவரில் துளை போட்டு ஸ்டாண்டை முடுக்கி, டிவியை மாட்டி, வைஃபை பாஸ்வேர்டு கேட்பார். பிறகு திரையில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நிபந்தனைகள் வரும். ரிமோட்டின் அம்புக்குறியைக் கீழே தள்ளி “அக்ரீ ஆல்” என்ற பெட்டியில் ஓகே அழுத்துவார். அரை நிமிஷம்கூட ஆகாது. வீட்டில் எல்லோரும் படம் எப்போது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குடும்பம் முழுவதன் சம்மதத்தையும் அந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் மேல் தப்பில்லை. படம் வர வேண்டுமென்றால் அதை அழுத்தித்தான் ஆக வேண்டும் என்று அவரும் நினைக்கிறார். உண்மையில், டிவி இயங்கத் தேவையான ஒப்பந்தம் வேறு, பார்ப்பதைப் பதிவு செய்யும் ஒப்பந்தம் வேறு. ஒரே பட்டியலில் வரிசையாக வைத்து மொத்தமாக ஒப்புக்கொள்ளச் செய்துவிடுகிறார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். சம்மதம் தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும், சொன்ன காரியத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார்கள்: வைத்திய ஆலோசனை தரும் ஆப், வைத்தியத்துக்குத் தேவையில்லாத போன் தொடர்புப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டு, நாமும் சரி என்று சொல்லியிருந்தாலும், அந்தப் பட்டியலுக்கு அந்தச் சம்மதம் செல்லாது. டிவிக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். முருகன் பாட்டு ஓடுவதற்கு, வேறு சேனலில் என்ன பார்த்தீர்கள் என்ற கணக்கு எதற்கு? கொடுத்த சம்மதத்தை, கொடுத்தது போலவே சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கவனிப்பதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் சட்டம் தடை போடுகிறது. ஹாலில் இருக்கும் டிவியைத் தாத்தாவும் பேத்தியும் ஒரே ரிமோட்டில் பார்க்கிறார்கள். பெரியவர் பார்த்தது எது, குழந்தை பார்த்தது எது என்று கம்பெனிகள் எப்படிப் பிரிக்கப்போகின்றன என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பையன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்து நிமிஷம் டிவி முன்னால் உட்கார வையுங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அல்லது டேர்ம்ஸ் என்ற பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். சாம்சங்காக இருந்தால் “வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்”, எல்ஜியாக இருந்தால் “லைவ் பிளஸ்”, சோனியின் சில மாடல்களில் “சாம்பா இன்டராக்டிவ் டிவி”. இந்தப் பெயரில் எது இருந்தாலும் அணைக்க வேண்டும். கூகுள் டிவி வகையில் பிரைவசிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர ஐடியை நீக்கலாம். இவற்றை அணைத்தாலும் மாமியாரின் குரல் தேடல் வேலை செய்யும். குரல் வசதிக்கான ஒப்பந்தம் தனி. அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொத்தானை அழுத்திச் சொல்வது சர்வருக்குப் போய்த்தான் பாட்டாகத் திரும்பி வரும். அந்தப் பாட்டுக்காக அதை நான் சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன்.

யூடியூபில் பார்ப்பது யூடியூபுக்குத் தெரியும். டிவி செட்டிங்கை மாற்றினாலும் அது நிற்காது. பையனின் ஜிமெயில் டிவியில் திறந்திருந்தால், பாட்டி கேட்கும் பாட்டெல்லாம் அவர் கணக்கில் சேரும், அவர் ஆபீஸில் தேடியது உங்கள் ஹாலில் சிபாரிசாக வந்து நிற்கும். டிவிக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் தொடங்கிவிடுங்கள். நாளைக்கு ஆடித் தள்ளுபடியில் டிவியை எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஆபீஸில் ஸ்மார்ட் டிவி மாட்டி, சிசிடிவி டிவிஆரை ஹெச்டிஎம்ஐயில் கொடுத்திருக்கிறேன். பையர் வந்தால் லேப்டாப்பை மாட்டி டிசைன் காட்டுவேன். இதிலும் கவனம் வேண்டுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். ஹெச்டிஎம்ஐயில் வேறு கருவியை மாட்டி வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் ஏசிஆர் குறிகள் வெளியே போனதைக் கண்டார்கள். செட்டிங்ஸில் அணைத்ததும் அந்தப் போக்குவரத்து நின்றது. அதே டிவி பிரிட்டனில் ஒரு மாதிரியும் அமெரிக்காவில் வேறு மாதிரியும் நடந்துகொண்டது. குறி என்பது முழுப் படம் இல்லை. உங்கள் டிசைன் யாருடைய நூலகத்திலும் இல்லாததால் அதற்குப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் பையரின் வெளியாகாத டிசைன் ஓடும் திரைக்கு இண்டர்நெட் எதற்கு? சிசிடிவியும் லேப்டாப்பும் மட்டும்தான் அதில் ஓடும் என்றால் வைஃபையிலிருந்து அந்த டிவியைக் கழற்றிவிடுங்கள். நெட் இல்லாத ஸ்மார்ட் டிவி சாதாரண டிவிதான். ஆபீஸுக்கு அது போதும்.

கேள்வி: பழைய டிவியை ஸ்மார்ட் டிவி ஆக்கும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. எல்லா ஓடிடியும் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: வாங்காதீர்கள். ஸ்மார்ட் டிவியைவிட எனக்குப் பயம் இதில்தான். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீங்கு நிரலைப் பற்றி எச்சரித்தது. பெயர் தெரியாத மலிவு டிவி பாக்ஸ்கள் பல, வீட்டுக்கு வரும் முன்பே இந்த நிரலோடு வருகின்றன. அடுத்த மாதமே கூகுள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. பாக்ஸ் உங்கள் வீட்டு இணைப்பை வாடகைக்கு விட்டுவிடும். எங்கேயோ ஒருவன் செய்யும் மோசடி உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து செய்தது போலத் தெரியும். போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான்.

பாக்ஸ் வாங்குவதானால் தெரிந்த கம்பெனியுடையதாக, கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். ஆப் போட வேண்டுமென்றால் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும் பாக்ஸ் எதுவானாலும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிட்டு, வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அந்த பாக்ஸில் உங்கள் ஜிமெயிலைத் திறந்திருந்தீர்கள் என்றால் அதன் பாஸ்வேர்டையும் சேர்த்து.