பழந்துணியில் பிறக்கும் வேடம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. பள்ளிகளில் குழந்தைகள் தினத்திலும் ஆண்டு விழாவிலும் நடைபெறும் மாறுவேடப் போட்டியில் இதன் உண்மை நன்கு விளங்கும். ஐந்து வயதுச் சிறுவன் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக மேடையேறிய அளவில், ‘பாரதியார்!’ என்று அவையினர் மகிழ்ந்து ஆரவாரிப்பர்.

வேடத்திற்குரிய உடைகள் இந்நாளில் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆயினும், அவ்வாடகையும் சுமையாகும் வீடுகள் பல உள. அவ்வீட்டுக் குழந்தை, போட்டியில் சேர நாணி ஒதுங்கிவிடுதல் கூடும். அங்ஙனம் ஒதுங்க வேண்டுவதில்லை. வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் வீட்டுத் துணிப்பெட்டியிலேயே இருக்கின்றன.

வேடம் புனைவோர் முதலில் எண்ண வேண்டுவது, ஒருவரை இன்னார் என்று காட்டும் அடையாளம் எது என்பதாம். பாரதியாருக்குத் தலைப்பாகை, மீசை, கருநிற மேலங்கி. ஔவையாருக்கு வெண்ணிறச் சேலை, திருநீறு, ஊன்றுகோல். காந்தியடிகளுக்கு அரையாடை, மூக்குக் கண்ணாடி, கைத்தடி. இவை திருத்தமாக அமைந்தால் போதும். ஏனைய அணிகள் மிகையே.

அடுத்தது துணியைத் தேர்ந்தெடுத்தல். பழைய ஆடை எவ்விடத்தும் ஒரே அளவாக நைந்து போவதில்லை. சட்டையில் கழுத்துப்பட்டையும் முழங்கைப் பகுதியும் முதலில் நையும். முதுகுப் பகுதி நெடுநாள் உறுதியாக இருக்கும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நைந்த இடமும் நல்ல இடமும் தெளிவாகப் புலப்படும்.

பாரதியார் வேடத்திற்குத் தந்தையின் பழைய கருநிறச் சட்டை ஒன்று போதும். அதனை வெண்ணிறச் சட்டையின்மேல் அணிவித்தால் அதுவே மேலங்கியாகும். நீண்ட கைகளை வெட்டாமல், உட்புறமாக மடித்து ஓட்டுத் தையல் இடல் வேண்டும். மெல்லிய வெள்ளைத் துண்டொன்றை இலேசாகக் கஞ்சியிட்டு உலர்த்தி, ஒரு சாண் அகலத்திற்கு நீளவாக்கில் மடித்துச் சுற்றினால், வழுவாத தலைப்பாகை அமையும். மீசையைக் கண்மையால் வரையலாம். விழா முடிந்தபின் தையலைப் பிரித்துவிட்டால், சட்டை மீண்டும் தந்தையின் சட்டையாகும்.

மடித்த துணி மீளும். வெட்டிய துணி மீளாது. ஆதலின், வெட்டியே தீரவேண்டுமாயின், உடையவரைக் கேட்ட பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும். பிறர் கண்ணுக்குக் கந்தையாகத் தோன்றும் புடவை, பாட்டியார் பல்லாண்டு போற்றி வைத்த நினைவாக இருத்தல் கூடும்.

குழந்தையின் காப்பும் மறத்தற்குரியதன்று. ஆடை கணுக்காலுக்குக் கீழே தாழ்ந்தால் கால் தடுக்கும். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டுதல் ஆகாது. ஊக்குகளைக் கூர்முனை உடலில் படாதவாறு பூட்டுதல் வேண்டும். நைலான் போன்ற செயற்கை இழைத் துணிகள் தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின், பருத்தித் துணியே சிறந்தது. அதனையும் விளக்கின் அருகே கொண்டு செல்லுதல் கூடாது.

வீட்டிலேயே வேடம் புனைவதில் மற்றொரு பயனும் உண்டு. பாட்டனாரின் பழைய வேட்டியை முழங்காலளவாகக் கட்டிவிடும்போது, ‘காந்தித் தாத்தா ஏன் சட்டை அணியவில்லை?’ என்று குழந்தை கேட்கும். அவ்வினாவின் விடை மதுரையில் இருக்கிறது. அந்நியத் துணியை நீக்கிக் கதர் உடுக்குமாறு காந்தியடிகள் மக்களிடம் வேண்டிவந்த காலம் அது. கதர் வாங்கவும் தங்களிடம் பொருள் இல்லை என்று ஏழைகள் கூறியது, அவருடைய நெஞ்சைத் தைத்தது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரையில் அவர் தம் வழக்கமான உடையைத் துறந்து, முழங்காலளவான அரையாடையை ஏற்றார். தேவையானபோது மேலே போர்வை ஒன்றைப் போர்த்தியதன்றி, வாழ்நாள் முழுவதும் அவர் அவ்வுடையை மாற்றவில்லை.

ஏழையின் உடையைத் தாமே விரும்பி ஏற்ற பெரியாரின் வேடத்திற்குப் பழைய வேட்டியினும் பொருத்தமான ஆடை வேறு யாது? இவ்வரலாற்றை அறிந்த குழந்தை, அவ்வேட்டியுடன் மேடையேற நாணாது. வேடத்தில் ஆடை என்னும் பாதியை வீட்டுப் பெட்டி தந்துவிடும். ஆள் என்னும் மற்றப் பாதியை, அப்பெரியோரைப் பற்றிக் குழந்தை பெற்ற அறிவே தரும்.