தனியாளுக்குப் பிட்காயின் கிட்டுமா?

பிட்காயின் ‘மைனிங்’ என்பது கணினி எண்களை மாற்றி மாற்றி முயன்று பார்க்கும் வேலை. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருவர் வெல்வார். ஆண்டுக்குச் சுமார் 52,560 வெற்றிகள். 2024 ஏப்ரல் முதல் பரிசு 3.125 பிட்காயின்.

உலகின் மொத்த மைனிங் வேகம் உங்கள் இயந்திரத்தைப் போல் 4,000,000 மடங்கு என வைத்துக்கொள்வோம். அதை 52,560ஆல் வகுத்தால் 76. அதாவது சராசரியாக 76 ஆண்டுக்கு ஒரு வெற்றி.

அப்படியானால் 76 ஆண்டு பொறுத்தால் நிச்சயம் கிடைக்குமா? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பகடையை 6 முறை உருட்டியும் ஆறு விழாமல் போக 33 விழுக்காடு வாய்ப்புண்டு. இங்கே 76 ஆண்டுக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு 37 விழுக்காடு. முந்தைய தோல்விகள் கணக்கில் சேராது. பரிசும் சுமார் 4 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்!

இனி மின்கட்டணம். இயந்திரம் 3.5 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 30,660 யூனிட். யூனிட் 50 சென் என்றால் 15,330 ரிங்கிட். சராசரி வரவு 3.125 ÷ 76 = 0.041 பிட்காயின். ஒரு பிட்காயின் ஏறத்தாழ 373,000 ரிங்கிட்டுக்கு விற்றால்தான் மின்கட்டணமே தேறும். இயந்திரத்தின் விலை தனி.

குழுவாகச் சேர்ந்து மைனிங் செய்தால் சிறு பங்கு அடிக்கடி வரும். சராசரி மட்டும் அதே 0.041தான், அதிலும் குழுவின் கட்டணம் கழியும்.