அப் மட்டும் போதுமா?

முள்ளியவளையில் தேனோ ஒடியல் மாவோ விற்பவர் "அப் ஒன்று செய்வம், வெப்சைட் எதுக்கு?" என்று கேட்டால், அது பிழையான கேள்வி இல்லை. 2009இல் வந்த வட்ஸ்அப்பைக் கணினியில் திறக்க முடிந்தது 2015 ஜனவரியில்தான்; அதுவரை கைபேசியில் மட்டும்தான் ஓடியது. ஆனால் வட்ஸ்அப் நாள் முழுக்கத் திறப்பது. ஒரு போத்தல் தேன் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்கென்று யார் அப் இறக்கி வைத்திருப்பார்?

பெங்களூரின் உடுப்பு நிறுவனம் மிந்த்ரா, 2015 மேயில் இணையத்தளத்தை மூடி அப்புக்கே முழுதாக மாறியது. அடுத்த வருடம் ஜூனில் தளத்தைத் திரும்பத் திறந்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தப் பாடு!

முதலில் வட்ஸ்அப் பிஸ்னஸில் படம், எடை, விலையோடு கட்டலொக் போடுங்கள். கூகுள் மெப்பில் கடையைப் பதியுங்கள். இரண்டுக்கும் காசில்லை. வைகாசியில் பக்கத்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் வெளியூர்ச் சனம் தேடினால் கண்ணில் படும்.

அப் செய்தே தீருவதென்றால், பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டொலர். அப்பிளுக்கு வருடாவருடம் 99. தனியுரிமைக் கொள்கைக்கு இணைய முகவரி ஒன்றை இரண்டு இடத்திலும் கேட்பார்கள். ஆக, ஒற்றைப் பக்கமாவது இணையத்தில் வேண்டும்.

செய்து தருபவரிடம் ஸ்டோர் கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே திறக்கச் சொல்லுங்கள். அவர் பெயரில் இருந்தால், காசு கொடுத்தது நீங்களானாலும் அப் அவர் கையில்தான்.