புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு ஆயுர்வேதம்: மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

கீமோதெரபியும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்துவிட்டன. ஸ்கேனும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பாதம் மரத்துப்போகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, நாலு படி ஏறினாலே அசதி. சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் பலருக்கு இப்படி இருக்கும். இதை வைத்தே நோய் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். புதிதாக வலியோ கட்டியோ எடைக் குறைவோ தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டல் இந்தியாவிலும் ஆயுர்வேத நிலையங்களும் நாட்டு மருந்துக் கடைகளும் உள்ளன. அங்கே போகலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் போகாதீர்கள்.

அரசாங்க மருத்துவமனைகளிலேயே பாரம்பரிய மருத்துவம் இருக்கிறது. 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் இச்சேவை தொடங்கியது. செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் நெற்றியில் எண்ணெய்த் தாரை விடும் சிரோதாரா தூக்கமின்மைக்கும் மன உளைச்சலுக்கும் தரப்படுகிறது. அதற்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இவை துணைச் சிகிச்சைகள்தாம். புற்றுநோயைக் குணமாக்குவதற்காக இவை தரப்படுவதில்லை.

"சொன்னால் டாக்டர் திட்டுவார்" என்று பல பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளின் சத்தைப் பிரித்து அடைத்த மாத்திரை வேறு. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையால் இரத்தக்கசிவு ஏற்படலாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தின் பலனையே அது குறைக்கக்கூடும். அஸ்வகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும்.

எண்ணெய் தேய்த்துவிடுவது பலருக்கு இதமாக இருக்கும். ஆனால் பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். எண்ணெய்யின் சூட்டை முதலில் வேறொருவர் கையில் பார்க்கச் சொல்லுங்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையை அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். எலும்பில் நோய் பரவியவருக்கும் இரத்தத் தட்டணுக்கள் குறைவாக உள்ளவருக்கும் அழுத்திப் பிடிப்பது கூடாது. கதிர்வீச்சு பட்ட தோல் ஆறும்வரை அங்கே எண்ணெய் வேண்டாம்.

அசதிக்கு மருந்தைவிட நடைதான் நல்லது. காலையில் பத்து நிமிடம் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மூச்சுப் பயிற்சியும் எளிய யோகாசனமும் உதவும்.

மருந்து வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'எம்ஏஎல்' என்ற எழுத்துகளும் எட்டு எண்களும் அடுத்து 'டி' என்ற எழுத்தும் இருந்தால் அது சுகாதார அமைச்சிடம் பதிவான பாரம்பரிய மருந்து. ஹோலோகிராம் முத்திரையும் இருக்க வேண்டும். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொடியில் இவை இருக்காது. பாதரசம், ஈயம் சேர்த்துச் செய்யும் பழைய முறை மருந்துகளும் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. கீமோதெரபியால் களைத்த சிறுநீரகத்துக்கு அது பெரும் சுமை.

"புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று யாராவது மருந்து விளம்பரம் செய்தால் அங்கே வாங்க வேண்டாம். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்வதே குற்றம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை, லேகியம், சூரணம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டப்பாவோடு காட்டுங்கள். மருத்துவருக்கு நேரமில்லை என்றால் மருந்து கொடுக்கும் இடத்தில் மருந்தாளுநரிடம் கேட்கலாம். கீமோதெரபி முடிந்து சில வாரங்களே ஆன நிலையில் காய்ச்சல் 38 டிகிரியை எட்டினால் கஷாயம் வைத்துக் குடித்துக் காத்திருக்க வேண்டாம். இரவாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.