காசு வேறு, காந்தம் வேறு



சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, எங்கள் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் ஒரு பாட்டியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகனும் மருமகளும் ஒரகடம் பக்கம் வெவ்வேறு தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறவர்கள். நான்கு வயதுப் பேரனைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது பாட்டிதான். பளபளவென்று இருந்த மணிகளில் சிலவற்றை விழுங்கிவிட்டதாகப் பையன் சொன்னபோது அவர் பதறவில்லை. தன் மகன் சிறுவனாயிருக்கையில் நாலணாக் காசை விழுங்கியபோது செய்ததையே செய்தார். இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, காலையில் வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தார்.

மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் ஜுரம். மருந்துக் கடையில் வாந்திக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. எங்கள் டாக்டர் எக்ஸ்ரே பார்த்தவுடன் பிள்ளையைத் தகப்பனோடு ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார். அங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது. குடலில் இரண்டு இடங்களில் ஓட்டை விழுந்திருந்ததாம். பிள்ளை பிழைத்தான்.

அந்த இரவில் பாட்டியம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “காசு போற மாதிரி போயிடும்னுதானே ஐயா நெனச்சேன். என் கையால பழத்தக் குடுத்துட்டு சும்மா இருந்துட்டேனே.”

அவர் அசட்டையாய் இருக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைச் செய்தார். காசைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. காந்தத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமை நம்மைச் சேர்ந்தது. ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டேன்.

1. இது என்ன பொருள்?

நம்மில் அநேகர் சிறு வயதில் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய கறுப்புக் காந்தத்தை மணலில் இழுத்து இரும்புத் தூள் சேர்த்திருப்போம். அந்தக் காந்தம் வேறு, இந்தக் காந்த மணி வேறு. இது நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவா என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். அதே அளவுள்ள பழைய கறுப்புக் காந்தத்தைவிடப் பன்மடங்கு வலிமையுள்ளது. கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் மின்சார வாகனத்தின் மோட்டாரிலும் இருப்பது இதுவே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வேலை செய்யும் நம் சபைப் பிள்ளைகள் பலர் இதைத் தினமும் கையாளுகிறவர்கள்.

இதையே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் உருண்டைகளாக்கி, மேலே நிக்கல் பூசி, பெட்டியிலிட்டு விற்கிறார்கள். கேக்கின் மேல் தூவும் வெள்ளி மணியைப் போலவே இருக்கும்.

2. நல்ல பயன் உண்டா?

உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வழக்கமான பெட்டியில் 216 மணிகள் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஆறாறாக அடுக்கினால் ஒரு முழுக் கனசதுரம் வரும். சங்கிலி, வளையம், தேன்கூடு, பந்து என்று எத்தனையோ வடிவங்கள் செய்யலாம். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்கள் கை இதில் உடனே பழகிவிடும். வடக்கும் தெற்கும் ஈர்ப்பதையும், ஒத்த துருவங்கள் விலகுவதையும், படிகங்களில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தையும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் காட்ட நல்ல கருவி. ஆனால் அது ஆசிரியரின் மேஜையிலும் பூட்டிய அலமாரியிலும் இருக்கவேண்டிய கருவி.

3. வயிற்றுக்குள் நடப்பது என்ன?

விழுங்கிய காசு வயிற்றுக்குள் இறங்கிவிட்டால், பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். காசுக்குக் காசைத் தேடும் குணமில்லை. காந்தத்துக்கு உண்டு. இரண்டு மணிகளைச் சற்று இடைவெளி விட்டு விழுங்கினால், ஒன்று குடலின் ஒரு மடிப்பிலும் மற்றொன்று வேறொரு மடிப்பிலும் இருக்கும். அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவிலிருக்கும் குடல் சுவரைக் கிடுக்கியைப் போல் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நிற்கும், தசை அழுகும், ஓட்டை விழும். குடலிலுள்ளது வயிற்றறைக்குள் கசிந்து கிருமி பரவும். சில வேளை குடலே முறுக்கிக்கொள்ளும். ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் விழுங்கினாலும் இதே கதைதான்.

கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு வருகிற வயிற்றுவலி, வாந்தி, ஜுரம் எல்லாம் சாதாரண உபாதைபோலவே தோன்றும். அந்தப் பாட்டியம்மாவை ஏமாற்றியது இதுவே.

சிறு குழந்தைகள் மாத்திரம் விழுங்குவதில்லை. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாக்கில் வளையம் குத்தியதுபோல் காட்ட, நாக்கின் மேலும் கீழும் மணியை வைத்துக்கொண்டு தவறி விழுங்குகிறார்கள். மூக்குத்திபோல் வைத்துப் பார்த்து உள்ளே சிக்கவைத்துக்கொள்வதும் உண்டு. 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஒரு வானியல் ஆராய்ச்சியாளரே காந்தங்களை மூக்கில் சிக்கவைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் என்றால், பிள்ளைகளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

4. மற்ற நாடுகள் கற்றுக்கொண்டது

அமெரிக்காவில் 2005-ல், கட்டுமானப் பொம்மை ஒன்றிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கிய 20 மாதக் குழந்தை இறந்தது. 2009-ல் ‘பக்கிபால்ஸ்’ என்னும் பெயரில் காந்த மணிகள் அங்கே விற்பனைக்கு வந்தன. விபத்துகள் பெருகவே, 2012-ல் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2014-ல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை 2016-ல் நீதிமன்றம் நீக்கியது; மணிகள் கடைகளுக்குத் திரும்பின. 2017 முதல் 2021 வரை ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,400 பேர் காந்தம் விழுங்கி அவசரச் சிகிச்சைக்கு வந்ததாக அவ்வாணையம் மதிப்பிட்டது. 2022-ல் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது.

ஆஸ்திரேலியா 2012-லேயே இவற்றை நிரந்தரமாகத் தடைசெய்தது. நியூசிலாந்தும் 2013-ல் தடுத்தது. அப்படியிருந்தும், இணையக் கடையில் வாங்கிய காந்தங்களில் ஏறக்குறைய நூறை விழுங்கிய 13 வயதுச் சிறுவன் ஒருவன் குடலின் ஒரு பகுதியை இழந்ததை அந்நாட்டு மருத்துவ இதழ் 2025-ல் வெளியிட்டது. சட்டம் வாசலில் காவல் நின்றாலும், பார்சல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

5. நம் நாட்டில்

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 என்னும் தரவிதி காந்தத்தையும் கவனித்திருக்கிறது. விழுங்கக்கூடிய அளவுள்ள காந்தத்தின் வலிமை ஒரு வரம்புக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் “பெரியவர்களின் மேஜைப் பொருள்”, “மன இறுக்கம் போக்குவது” என்று பெயரிட்டு விற்றால், அது பொம்மைக் கணக்கில் சேராமல் நழுவிவிடக்கூடும். வாங்குகிற நாம்தான் விழிப்பாயிருக்கவேண்டும்.

6. விழுங்கிவிட்டால், அல்லது சந்தேகம் வந்தால்

• காத்திருக்கவேண்டாம். பிள்ளை நன்றாயிருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; அல்லது 108-ஐ அழையுங்கள்.
• வாழைப்பழம், விளக்கெண்ணெய், சோறு எதுவும் கொடுக்கவேண்டாம். வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். டாக்டர் சொல்லும்வரை வாயில் ஒன்றும் கொடாதிருங்கள்.
• “காந்தம்” என்ற வார்த்தையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு மணிகள் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியக்கூடும். டாக்டர் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் பார்ப்பார். காந்தம் உள்ளே இருக்கையில் எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது.
• மீதி மணிகளை எடுத்துச் செல்லுங்கள்.
• வயிற்றில் இருக்கும்போதே தெரிந்தால், பெரும்பாலும் வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம். குடலுக்கு இறங்கியபின் அறுவை தேவைப்படலாம். சில மணி நேரம் முந்திப் போவதன் பலன் இதுவே. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தை அறுவை நிபுணர்கள் உண்டு.

7. வீட்டிலும், பரிசுப் பெட்டியிலும்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காந்த மணிகள் இல்லாமலிருப்பதே நலம். இருக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் கனசதுரமாக அடுக்கிப் பூட்டி வையுங்கள். ஆறாறாக அடுக்கும்போது ஒரு மூலை குறைந்தால் ஒரு மணி காணோம் என்று அர்த்தம். கிடைக்கும்வரை தேடுங்கள்.

கிறிஸ்துமஸ் காலத்தில் எங்கள் குழந்தைகள் வார்டுக்கு அன்போடு விளையாட்டுப் பொருள்கள் அனுப்புகிறீர்கள். பிள்ளைகளின் சந்தோஷத்தை நான் கண்ணாரக் காண்கிறேன். அனுப்புமுன் பெட்டியைத் திருப்பி, ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் வயதுக் குறிப்பையும் பாருங்கள். சிறு காந்தம் தளர்ந்து வருகிற எதையும் தயவுசெய்து சேர்க்கவேண்டாம். பந்தும், படப் புத்தகமும், வண்ணப் பென்சிலும் போதும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்? அவருக்கு இது தெரியுமா?
2. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், அடிக்குப் பயப்படாமல் நம்மிடம் வந்து சொல்லுமா?
3. நம் தெருவில் இதைச் சொல்லவேண்டிய பாட்டிமார் எத்தனை பேர்?

மூன்றாம் கேள்விக்குப் பதில் கண்டவர்கள், இந்த ஞாயிறே அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்