தொடை எலும்பில் இடைவெளி விழுந்தால்

குற்றால சீசன் வந்தால் தென்காசிச் சாலைகளில் பைக் விபத்துகளும் வந்துவிடுகின்றன. தொடை எலும்பு முறிந்தால் உள்ளே கம்பி வைத்துச் சேர்க்கலாம். ஆனால் எலும்பு நொறுங்கி, ஐந்தாறு சென்டிமீட்டர் இல்லாமலே போய்விட்டால் அந்த இடைவெளி தானாகக் கூடாது.

இதற்கு பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மாஸ்கலே 1980களில் ஒரு வழி கண்டார். முதல் ஆபரேஷனில் கெட்டுப்போன எலும்பையும் சதையையும் நீக்கி, காலியிடத்தில் எலும்பு சிமென்ட்டை வைப்பார்கள். 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள சவ்வு ஒன்று வளரும். இரண்டாவது ஆபரேஷனில் சவ்வைத் திறந்து, சிமென்ட்டை எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துகள்களை நிரப்பித் தைப்பார்கள். அவை கரைந்து போகாமல் காத்து எலும்பாக வளர உதவுவது அந்தச் சவ்வுதான்.

வலி குறைந்ததும் "சிமென்ட் வைத்தாச்சே" என்று இருந்துவிடாதீர்கள். சிமென்ட் எலும்பாகாது, எல்லாப் பாரத்தையும் தாங்கும் கம்பி ஒருநாள் முறியும்.

தன் எலும்பைத் தன் உடம்பிலேயே வைப்பது மார்க்கத்தில் கூடுமா? நன்மை தீங்கைவிட மிகுந்தால் கூடும் என்று 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

பீடி சுற்றிப் பிழைக்கும் நம் பகுதியில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் புகை எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். காலை ஊன்றக் கூடாத மாதங்களில் உட்கார்ந்தே தொழலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இரண்டாவது ஆபரேஷனுக்கும் அது செல்லுமா என்று முதலிலேயே ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.