ரோக் ஆடுபவர்களுக்கு: பகடையும் மிச்சம், காசும் மிச்சம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் திருட்டு வேலைக்கென்றே தனி கேரக்டர், அதாவது இன்றைய ரோக், வந்தது 1975-இல், கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில். அன்றிலிருந்து புதிதாக ஆடுகிறவர்கள் கதவைக் கண்டதும் பகடையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். உருட்டாமலே காரியம் முடிந்தால் அதைவிட மிச்சம் ஏது? கீழே வரும் கணக்கெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு. மற்ற பதிப்பு என்றால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் லெவலில் கிடைக்கும் இரண்டு எக்ஸ்பர்டீஸில் ஒன்றை யோசிக்காமல் ஸ்டெல்த்துக்குக் கொடுங்கள். இன்னொன்றைப் பூட்டுத் திறக்கும் கருவிக்குக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் பெர்செப்ஷனுக்குத்தான் கொடுப்பேன். பூட்டு எங்கேயும் ஓடிவிடாது, தவறினால் இன்னொரு முறை பார்க்கலாம். காவல்காரன் கண்ணில் பட்டுவிட்டால் இன்னொரு முறை கிடையாது.

2. டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் +3, கருவிப் பழக்கத்துக்கு +2, ஆக +5. 10 தங்கக் காசுக்கு விற்கும் பூட்டின் இலக்கு எண் 15. இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். அவசரம் இல்லையென்றால் உருட்டாதீர்கள். "பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் கேளுங்கள், அப்படிச் செய்தால் தானாகவே வெற்றி என்று டிஎம் கையேட்டிலேயே இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் இதற்கு 'டேக் 20' என்று பெயர், நேரம் இருபது மடங்கு. தவறினால் வெடிக்கிற பொறிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

3. பேடட் கவசம் 5 தங்கக் காசுதான் என்று மயங்கிவிடாதீர்கள். 10 காசுத் தோல் கவசத்துக்கும் இதற்கும் காப்பு ஒன்றுதான், 11. ஆனால் பேடட் போட்டுக்கொண்டு பதுங்கினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். கையில் காசு சேர்ந்ததும் நேராக 45 காசு ஸ்டடட் லெதருக்குப் போய்விடலாம்.

4. பத்தடிக் கழி வெறும் 5 செப்புக் காசு. அதால் முன்னே தட்டிக்கொண்டே நடந்தால் பாதிப் பள்ளம் உருட்டாமலே தெரிந்துவிடும். சந்தேகமான தரையில் தோல்பையிலிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள்; ஒரு கோட்டில் உறிஞ்சினால் அங்கே மூடி இருக்கிறது.

5. நாக் மந்திரம் பூட்டைத் திறக்கும், கூடவே 300 அடிக்குக் கேட்கிற மாதிரி 'டொக்'கென்று சத்தமும் போடும். மந்திரவாதியின் இரண்டாம் நிலை மந்திரத்தைச் சாதாரணப் பூட்டில் செலவழிக்க விடாதீர்கள், ஆர்கேன் லாக் போட்ட கதவுக்கு அது வேண்டியிருக்கும்.

6. இரும்புக் கவச பாலடினைக் கூட்டிக்கொண்டு பதுங்கிப் போக வேண்டுமா? தனித்தனியாக உருட்டினால் யாராவது ஒருவர் காட்டிக்கொடுத்துவிடுவார். 'குரூப் செக்' கேளுங்கள்: நான்கு பேரில் இரண்டு பேர் தேறினால் எல்லோரும் தேறின கணக்கு. டிரூயிடோ ரேஞ்சரோ பாஸ் வித்அவுட் டிரேஸ் போட்டால் ஆளுக்கு +10, பாலடின்கூடப் பூனையாகிவிடுவார்.

7. ஜேப்படியில் பேராசை ஆகாது. சாதாரணக் காவலரின் பாசிவ் பெர்செப்ஷன் 12. டிஎம் அதை இலக்காக வைத்தால் +5 உள்ளவருக்கு 70 சதவீதம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து மூன்று பேர் பையில் கைவிட்டால் மூன்றிலும் தப்புவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். சில்லறைக்காக ஊர்ச்சிறை எதற்கு? சாவிக்கொத்து, கடிதம், முத்திரை மோதிரம் என்று கதையை நகர்த்துகிற ஒரு பொருளுக்கு மட்டும் கையை நீட்டுங்கள்.

8. கூட வருகிறவர்கள் பையில் கைவைக்கவே வேண்டாம். விதியில் இடம் இருக்கலாம், மேசையில் இருக்காது.

9. ஸ்னீக் அட்டாக்குக்காக ஒவ்வொரு ரவுண்டும் தூண் தேடி ஓடாதீர்கள். எதிரிக்கு 5 அடிக்குள் உங்கள் ஆள் ஒருவர் நின்றால் போதும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதவரை ஸ்னீக் அட்டாக்கின் கூடுதல் சேதப் பகடை உங்களுக்குத்தான். ஆயுதம் மட்டும் ஃபினஸ் ஆகவோ தூர ஆயுதமாகவோ இருக்கட்டும்.

10. பழைய ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒன்று. 1978-இன் ஏடிஅண்டிடி (அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) புத்தகத்தில் முதல் லெவல் திருடனுக்கு நிழலில் ஒளிவது 10 சதவீதம், பூட்டுத் திறப்பது 25, சுவர் ஏறுவது மட்டும் 85. கதவை விட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள்! பூட்டு ஒரு தடவை தவறினால் அடுத்த லெவல்வரை அதைத் தொடவும் முடியாது. ஆனாலும் சீக்கிரம் வளர்கிற ஆள் இவர்தான்: இரண்டாம் லெவலுக்கு 1,251 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,001 வேண்டும்.

11. 1989-இன் இரண்டாம் பதிப்பில் முதல் லெவலிலேயே 60 புள்ளி நம் கையில் தருகிறார்கள், ஒரு திறமைக்கு அதிகபட்சம் 30. எட்டுத் திறமைக்கும் பங்குபோட்டால் எட்டும் அரைகுறைதான். இரண்டில் கொட்டிவிடுங்கள். பொறி வேலைதான் இஷ்டம் என்றால் குள்ளர் இனம் எடுங்கள், அதில் 15 சதவீதம் இனாம்.

12. லைட்ஃபுட் ஹாஃப்லிங் எடுத்தால் ஒளிய இடமே தேட வேண்டாம், தன்னைவிடப் பெரிய உருவம் உள்ள கூட்டாளியின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளியலாம். அந்தப் பாலடினுக்கும் ஒரு உபயோகம் ஆயிற்று.

13. புத்தகம் வாங்க யோசிக்கிறவர்கள் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான 5.1 எஸ்ஆர்டியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். ரோக்குக்கு அதில் இருப்பது தீஃப் என்ற ஒரே கிளை, நமக்கு அது தாராளம். மூன்றாம் லெவலில் வரும் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸை வைத்துப் பூட்டையும் பொறியையும் போனஸ் ஆக்‌ஷனிலேயே பார்த்துக்கொள்ளலாம், கத்திக்கான ஆக்‌ஷன் அப்படியே கையில் இருக்கும்.